பழைய படகுக்கு நியாய விலை

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

பத்தமடைக்குப் பாய் வாங்க வருகிறவர்கள் இரு வகையினர். ஒரு சாரார், பாயின் சாயத்தைக் கண்டவுடன் விலையைக் கேட்பர். நெசவாளி சொன்ன தொகையில் பாதியைத் தாங்கள் சொல்வர். எழுந்து போவதுபோல் இரண்டடி நடந்து திரும்பி வருவர். எப்படியோ ஒரு தொகையில் பேரம் முடியும். மற்றொரு சாரார், பாயைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பர். கோரை எவ்வளவு நுண்மையாகக் கீறப்பட்டிருக்கிறது, பாவு நூல் எத்தனை நெருக்கமாக ஓடுகிறது, ஓரம் எவ்வாறு முடிக்கப்பட்டிருக்கிறது என்று விசாரிப்பர். அதன் பின்னரே விலைக்கு வருவர். முன்னவருக்கு எடுத்துக் கொடுக்கப்படும் பாய் வேறு. பின்னவருக்கு எடுத்துக் கொடுக்கப்படும் பாய் வேறு. இதை நம் வட்டாரத்தில் அறியாதார் இல்லை.

பாய் விஷயத்தில் நாம் நன்கறிந்துள்ள இந்த உண்மை, பழக்கமில்லாத ஒரு பொருளை வாங்கப் புகும்போது மறந்து போகிறது. அவ்வாறு மறந்ததனால் நேர்ந்த ஒரு நஷ்டத்தையும், மறவாமல் நடந்ததனால் கிடைத்த ஒரு நன்மையையும் நான் அருகிலிருந்து கண்டேன். இரண்டும் கடற்கரையிலிருந்து பழைய படகு வாங்கியதைப் பற்றியவை. நம் விவசாயிகளுக்கும் ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று கருதி அவற்றை இங்கு எழுதுகிறேன்.

நெல்வயல் நாட்டில் படகு எதற்கு?

இக்கேள்வி எழுவது இயல்பே. பத்தமடை, சேரன்மகாதேவிப் பகுதி மக்கள் கன்னடியன் கால்வாய் நீரில் நெல் விளைவிப்பவர்கள். பொதிகை மலையில் தோன்றி, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் தாமிரபரணியை நாம் பாசனத்திற்குரிய ஆறாகவே அறிவோம். 1843-இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் அமைக்கும் வரையில், திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆறு பெருகிய நாட்களில் மக்கள் படகையே நம்பியிருந்தனர். பாலங்கள் பெருகியபின் படகு நம் கண்ணிலிருந்து மறைந்தது.

ஆனால், ஆறு தன் பழைய இயல்பை மறக்கவில்லை. 1992 நவம்பரில் வந்த வெள்ளத்தை முதியோர் இன்றும் சொல்வர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் அனைவரும் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகள் ரயிலோடு நின்றுவிட்டனர். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடுகளின் கூரைமீது நின்றவர்களை மீட்க, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தனர். 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் மீனவர்கள் இவ்வாறே வந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தனர்.

கடற்கரையிலிருந்து படகு வந்து சேரும் வரை ஆற்றங்கரை ஊர் காத்திருக்க நேர்கிறது. சாலை மூழ்கிவிட்டால் லாரியும் வர இயலாது. ஆகவே, ஊருக்கு ஒரு சிறு படகு கைவசம் இருந்தால் நல்லது என்ற எண்ணம் பல இடங்களில் தோன்றிற்று. புதிய படகும் எந்திரமும் வாங்கப் பொருள் போதாதபோது பழைய படகைத் தேடுவதும் இயல்பே. எச்சரிக்கை வந்தவுடன் மேட்டுப்பகுதிக்குச் செல்வதற்குப் படகு மாற்றாகாது. செல்ல இயலாமல் எஞ்சி நிற்கும் முதியோரையும் நோயாளிகளையும் கருதியே படகு வேண்டப்படுகிறது.

முதல் முயற்சி தந்த பாடம்

வெள்ளம் வடிந்த சில நாட்களிலேயே, ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றின் விவசாயிகள் பதினைந்து பேர் பணம் சேர்த்துக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் புறப்பட்டனர். என்னையும் துணைக்கு அழைத்தனர், நானும் சென்றேன். அவர்களிடையே மாட்டுச் சந்தையில் பெயரெடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதில் அவரை வெல்ல ஆளில்லை என்பார்கள். அன்று பேச்சை அவரே நடத்தினார்.

நாங்கள் சென்றடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மணலில் கிடந்த பைபர் படகைச் சுற்றி ஒருமுறை நடந்தோம். உடையவர் எந்திரத்தோடு சேர்த்து 1,20,000 ரூபாய் கேட்டார். நம் பெரியவர் 60,000 என்றார். உடையவருக்குப் பணமுடை இருப்பதை யாரோ அவர் காதில் போட்டிருந்தனர். ரொக்கம் கையில் இருக்கிறது என்பதைக் காட்டினார். வேறு ஊரில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது என்றார். இரண்டு முறை வண்டியில் ஏறி இறங்கினார். ஒரு மணி நேரத்தில் 85,000 ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. 35,000 ரூபாய் லாபம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு அப்படகைக் குளத்தில் இறக்கி இரு இளைஞர்கள் ஓட்டிப் பார்த்தனர். எந்திரம் வேகம் பிடித்தவுடன் அது பொருத்தப்பட்டிருந்த பின்பலகை பிளந்து, எந்திரம் சாய்ந்து, படகுக்குள் நீர் ஏறிற்று. நல்லவேளையாக அவ்விடத்தில் ஆழம் இடுப்பளவே. இருவரும் நடந்து கரையேறினர். இதுவே வெள்ளத்தின் நடுவில், பத்துப் பேரை ஏற்றிக்கொண்ட நிலையில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவும் அஞ்சுகிறேன். பின்பலகையின் உள்ளே இருந்த ஒட்டுப்பலகை நெடுநாளாக நீர் குடித்து உளுத்திருந்தது. மிதவை அறைகளில் இருந்த நுரைப்பொருளும் நீரில் ஊறிக் கனத்திருந்தது. பழுது பார்க்க 42,000 ரூபாய் ஆயிற்று. ஆக, 85,000 ரூபாய்ப் படகின் அடக்கம் 1,27,000 ரூபாய்; லாரி வாடகை வேறு.

சில மாதங்கள் கழித்து அலுவல் நிமித்தமாக அக்கடற்கரைக்குச் சென்றபோது படகை விற்றவரைச் சந்தித்தேன். பின்பலகையின் நிலை அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“தெரியும் ஐயா. ஆனா அந்த அண்ணாச்சி விலையைத்தான் கேட்டாரு. படகைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே. வெள்ளத்துல எங்க பிள்ளைக கூலி வாங்காம வந்து ஆளுகளை ஏத்துனாங்க. நீங்க வந்து எம் பணமுடையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுனீங்க. அதுக்கு அப்புறம் நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?” என்றார்.

அவர் பழுதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், அவர் சொல்லாமல் போனதற்கு நாங்களும் காரணம் என்பதை மறுக்க இயலவில்லை. அன்று உடனிருந்தும் தடுக்காத எனக்கும் அதில் பங்குண்டு. விலையைக் குறைப்பதற்காக மட்டும் நடக்கும் பேச்சு விற்பவரின் வாயை அடைத்துவிடுகிறது. பொருளை அறிவதற்காக நடக்கும் பேச்சு அவர் வாயைத் திறக்கிறது. படகின் குறைகளை அதன் உடையவரைவிட நன்கறிந்தவர் யாருமில்லை. அவருடைய அறிவை நம் பக்கம் கொண்டுவருவதே பேரத்தின் முதற்காரியம்.

போகும் முன் செய்ய வேண்டியவை

அடுத்த ஆண்டு, பக்கத்து ஊரார் படகு வாங்கப் புறப்பட்டபோது முன்கூட்டியே அமர்ந்து சில முடிவுகளைச் செய்தோம்.

முதலாவது, எத்தகைய படகு வேண்டும் என்பது. கடலில் அலையைக் கிழிப்பதற்காகக் கட்டப்பட்ட பெரிய வள்ளம் கனமானது. அதன் அடிப்பகுதி கூர்மையானது. வயலிலும் தெருவிலும் தேங்கிய முழங்கால் நீரில் அது தரைதட்டும். ஆறெட்டுப் பேர் தூக்கி வண்டியில் ஏற்றத்தக்க, அடி அகன்ற சிறு படகே நமக்கேற்றது. இதைத் தீர்மானிக்காமல் சென்றால், கடற்கரையில் மலிவாகக் கிடைப்பது எதுவோ அதுவே நம் தேவை என்று நாமே நம்பிவிடுவோம்.

இரண்டாவது, காலம். வெள்ளம் வடிந்த வாரத்தில் எல்லோரும் படகு தேடுவர்; விலை ஏறியிருக்கும்; நிதானம் இராது. வடகிழக்குப் பருவமழை நம் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. எனவே, கோடையிலேயே வாங்கிவிட்டால் பழுது பார்க்கவும் ஓட்டிப் பழகவும் போதிய அவகாசம் கிடைக்கும்.

மூன்றாவது, விலை விசாரணை. ஒரே அளவும் ஏறத்தாழ ஒரே வயதும் உள்ள படகு, நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்பதை மூன்று இடங்களிலாவது கேட்டறிய வேண்டும். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற நம் மாவட்டக் கடலூர்களிலும், தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னைக்காயல், மணப்பாடு பக்கங்களிலும் விசாரிக்கலாம். தரகர் சொல்லும் விலையை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. விலை ஏற அவருடைய தரகும் ஏறும்.

நான்காவது, துணையாள். பைபர் வேலை தெரிந்த ஒருவரையும், படகு எந்திரம் தெரிந்த ஒரு மெக்கானிக்கையும் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்ல வேண்டும். விற்பவரோ தரகரோ ஏற்பாடு செய்தவராக அவர் இருத்தல் கூடாது. ஓரிரு ஆயிரம் ரூபாய் கூலி வீண் செலவென்று கருதிய முதற்குழுவினர் 42,000 ரூபாய் செலவிட்டதை நினைவிற்கொள்க.

படகைப் பார்க்கும் முறை

மாட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், ஓட்டிப் பார்க்கிறோம், ஏரில் பூட்டிப் பார்க்கிறோம். படகுக்கும் இவ்வாறான சோதனைகள் உண்டு. பகல் வெளிச்சத்தில், படகை நீரிலிருந்து வெளியே எடுத்து, அடிப்பக்கம் தெரியுமாறு வைத்துப் பார்ப்பதே முறை.

(1) உடல்: சிறு சுத்தியலின் பிடியாலோ நாணயத்தாலோ படகின் உடலைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று கேட்கும். பைபர் அடுக்குகள் பிரிந்திருந்தாலோ உள்ளே நீர் இறங்கியிருந்தாலோ ஓசை மங்கிவிடும். பானை வாங்கத் தெரிந்தவருக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். மேற்பூச்சில் கொப்புளங்கள் இருந்தால் நீர் ஊடுருவத் தொடங்கிவிட்டதென்று அறியலாம். மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேய்ந்து பைபர் நார் வெளியே தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். புதுச்சாயம் பூசியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. சாயம் விரிசலை மறைக்கும், ஓசையை மறைக்காது.

(2) பின்பலகை: எந்திரத்தின் பாரமும் அதன் உந்துவிசையும் முழுவதும் இப்பலகையின்மீதே விழுகின்றன. சிறு படகுகளில் பெரும்பாலும் ஒட்டுப்பலகையை உள்ளே வைத்து அதன்மேல் பைபர் போர்த்தியிருப்பார்கள். திருகாணித் துளைகளின் வழியே நீர் இறங்கினால் பலகை உள்ளேயே உளுத்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. எந்திரத்தின் மேற்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் பலகை நெளியக் கூடாது. துளைகளைச் சுற்றி விரிசலோ பழுப்பு நீர்க்கசிவோ இருக்கவும் கூடாது.

(3) மிதவை அறை: படகு நீர் நிரம்பியும் மூழ்காமல் இருப்பதற்காக உள்ள அறைகள் இவை. நீரில் ஊறிவிட்டால் அவையே படகை ஆழ்த்தும் சுமையாகிவிடும். இதே அளவுள்ள வேறொரு படகை எட்டுப் பேர் தூக்க, இதனைத் தூக்கப் பன்னிரண்டு பேர் வேண்டுமாயின், நீர் உள்ளே இருக்கிறது என்பது பொருள்.

(4) கசிவு: படகைக் கட்டைகளின்மீது நன்றாகத் தாங்க வைத்து, உள்ளே சிறிதளவு நீர் ஊற்றி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். உட்புறம் ஊற்றிய நீர் வெளியே வரும் இடத்தில், வெளிநீர் உள்ளே வரும். கடலில் இறக்காமலே கசிவைக் கண்டுபிடிக்க இஃது எளிய வழி.

(5) எந்திரம்: நாம் சென்றடையும்போது எந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்ப மறுப்பதை மறைக்க முன்பே ஓட்டி வைத்தார்களோ என்று விசாரிக்கலாம். ஓடத் தொடங்கியதும் குளிர்விக்கும் நீர் பின்புறத்துத் துளை வழியே சீராகப் பீச்ச வேண்டும். அது விட்டுவிட்டு வந்தால் உள்ளே உப்புப் படிந்து வழி அடைபட்டிருக்கக்கூடும். கீழ்ப்பகுதிக் கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால், பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கக் கூடாது. வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. சுழல் விசிறியின் இதழ்கள் நெளிந்தோ உடைந்தோ இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். உப்புநீரில் உழைத்த எந்திரம் படகின் உடலைவிட விரைவில் தேயும். ஆகவே, உடலையும் எந்திரத்தையும் தனித்தனியே மதிப்பிடுவதே பொருத்தம்.

(6) ஓட்டம்: இறுதியாக, நாம் ஏற்ற விரும்பும் அளவு ஆட்களை ஏற்றி, எல்லோரும் உயிர்காப்பு உடை அணிந்து, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். இருவர் மட்டும் ஏறிச் சுற்றி வந்தால் படகின் பலம் தெரியாது.

பத்திரங்களும் கடனும்

மீன்பிடி படகுகள் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையில் பதிவு செய்யப்படுகின்றன. பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகின்மீது எழுதப்பட்ட எண்ணும், எந்திரத்தில் பொறித்துள்ள எண்ணும் அதன் ரசீதில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். விற்பவரின் பெயரில்தான் பதிவு உள்ளதா, கூட்டுச் சொத்தா என்பதையும் தெரிந்துகொள்க. அரசு மானியத்தில் பெற்ற படகாயின், அதனைக் குறிப்பிட்ட காலத்திற்குள் விற்கலாகாதென்ற நிபந்தனை இருக்கக்கூடும். அந்தந்தப் பகுதி மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்து, கைம்மாற்றத்திற்கும் பதிவு மாற்றத்திற்கும் உரிய நடைமுறையைத் தெரிந்துகொண்ட பின்னரே முன்பணம் கொடுப்பது நலம். உள்நாட்டு நீர்நிலைகளில் எந்திரப் படகு ஓட்டுவதற்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் இருப்பதால், மாவட்ட நிர்வாகத்தின் ஆலோசனையையும் பெற வேண்டும்.

கடன் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. கடற்கரையில் பலர் மீன் வியாபாரிகளிடம் முன்பணம் பெற்றுத் தொழில் நடத்துகின்றனர். வங்கியிலோ சங்கத்திலோ கடன் பெற்றவர்களும் உண்டு. அத்தொகை தீராமல் படகு கைமாறினால், பின்னர் ஒருவர் வந்து படகின்மீது உரிமை கொண்டாடக்கூடும். ‘இப்படகின்மேல் யாருக்கேனும் பாக்கி உண்டா?’ என்பதை நேராகக் கேட்பதில் தவறில்லை. பாக்கி இருந்தால், விலையில் அந்தப் பகுதியைக் கடன் கொடுத்தவரிடமே செலுத்தி, தீர்ந்ததற்கு எழுத்து வாங்கிக்கொள்ளலாம். இது விற்பவருக்கும் நிம்மதி தரும்.

விலையைக் கணக்கிடும் வழி

இரண்டாவது குழுவினர் கண்ட விலைக் கணக்கைக் கீழே தருகிறேன். விளங்குவதற்காக முழு எண்களாக்கியிருக்கிறேன். படகின் அளவையும் காலத்தையும் பொறுத்து விலை மாறுமாதலால், இதனைச் சந்தை விலையாகக் கொள்ளாமல் கணக்கின் வழியை மட்டும் கவனிக்கக் கோருகிறேன்.

உடையவர் கேட்டது 1,50,000 ரூபாய். மூன்று இடங்களில் விசாரித்ததில், அதே அளவுள்ள நல்ல நிலைப் படகும் எந்திரமும் 1,30,000 முதல் 1,50,000 வரை போவதாகத் தெரிந்தது. நடுவான 1,40,000 ரூபாயை அடிப்படையாகக் கொண்டனர். இதனை உடையவரிடம் மறைக்காமல் சொன்னார்கள்.

சோதனையில் கண்ட பழுதுகள் மூன்று. பின்பலகை மாற்ற 15,000 ரூபாய். அடிப்பகுதித் தேய்மானத்திற்குப் பைபர் ஒட்ட 6,000 ரூபாய். எந்திரத்தின் கீழ்ப்பகுதி நீர்த்தடை வளையங்களுக்கும் சுழல் விசிறிக்கும் 7,000 ரூபாய். ஆக 28,000 ரூபாய் கழிக்க, 1,12,000 ரூபாய் நின்றது. நங்கூரம், கயிறு, துடுப்புகள், எண்ணெய்க் கலம் ஆகியவற்றையும் உடன் தருவதாக உடையவர் கூறியதால் அவற்றுக்கு 6,000 ரூபாய் சேர்த்தனர். மொத்தம் 1,18,000 ரூபாய்.

இதைக் கேட்ட உடையவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்னர், “பின்பலகைக்குப் பதினைந்தாயிரம் ஆகாது அண்ணாச்சி. எங்க ஊர்ல நானே ஆள் வச்சு பத்தாயிரத்துல முடிச்சிருவேன்” என்றார். உடனே மறுத்துப் பேசாமல், குழுவினர் அதை ஏற்றுக்கொண்டு வேறொரு வழி கூறினர். “அப்படியானால் நீங்களே மாற்றிக் கொடுங்கள் அண்ணாச்சி. நாங்கள் வந்து பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்கிறோம். சரியாக இருந்தால் அந்தப் பதினைந்தாயிரத்தைக் கழிக்காமல் 1,33,000 ரூபாயாகவே தருகிறோம்” என்றனர்.

இந்த ஏற்பாட்டினால் இருவருக்கும் விளைந்த நன்மையைக் காண்க. உடையவர் 10,000 ரூபாய் செலவிட்டு 15,000 ரூபாய் கூடுதலாகப் பெறுகிறார். அவருக்கு 5,000 ரூபாய் மிச்சம். வாங்குபவர் எப்படியும் அப்பழுதுக்கு 15,000 ரூபாய் செலவிட்டிருப்பார். ஆனால், பலகையைத் திறந்தபின் பழுது இன்னும் பெரிதாக இருக்குமோ என்ற அச்சம் இப்போது அவருக்கில்லை. ஒரு தொகையை இருபுறமும் பிடித்து இழுத்தால் ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்கு நஷ்டம். யார் எந்த வேலையைக் குறைந்த செலவில் செய்ய இயலும் என்று ஆராய்ந்தால் இருவருக்கும் மிச்சமுண்டு.

லாரி வாடகையையும் விலையில் கழிக்க வேண்டுமென்று ஒருவர் சொன்னார். குழுவினர் அதற்கு இணங்கவில்லை. நம் ஊர் தொலைவில் இருப்பது படகின் குறையன்று. விற்பவர் அதற்குப் பொறுப்பாளியும் அல்லர். இத்தகைய நியாயமற்ற கழிவுகளைச் சேர்த்தால், நியாயமான கழிவுகளின்மீதும் அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

பேச்சு நடத்துகையில் கவனிக்க வேண்டியவை

முதலில் பேச ஒருவரை நியமித்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேர் ஐந்து விலை சொன்னால் எவர் பேச்சும் நிலைக்காது. தாங்கள் போகக்கூடிய உச்ச விலையை ஊரிலேயே தீர்மானித்து எழுதி வைத்துக்கொள்வது நலம். படகின்மேல் ஏற்பட்ட ஆசையில் அதைத் தாண்டக் கூடாது. தாண்ட நேர்ந்தால் வணக்கம் சொல்லித் திரும்பலாம். அவ்வாறு திரும்புவது உண்மையாக இருக்க வேண்டும். மிரட்டலுக்காக வண்டியேறுவதை விற்பவர் எளிதில் கண்டுகொள்வார்.

பழுதைச் சுட்டிக்காட்டும்போது படகைப் பழிக்கலாகாது. ‘இந்த ஓட்டைப் படகுக்கு இவ்வளவா?’ என்பது, அதைக் கொண்டு பிள்ளைகளை வளர்த்தவரைப் புண்படுத்தும் சொல். ‘இந்த இடத்தில் ஓசை மங்குகிறதே, நீங்களும் தட்டிப் பாருங்கள்’ என்று அவர் கையிலேயே நாணயத்தைக் கொடுத்தால், அவரே பழுதின் கதையைச் சொல்லத் தொடங்குவார். இரண்டாவது பேரத்தில் அப்படித்தான் நடந்தது. எந்திரத்தின் நீர்த்தடை வளையம் தேய்ந்திருப்பதை எங்கள் மெக்கானிக் கண்டுபிடிக்குமுன் உடையவரே சொல்லிவிட்டார்.

இறுதியாக, ‘ஏன் விற்கிறீர்கள்?’ என்று கேட்டறிய வேண்டும். பெரிய படகு வாங்குவதற்காக விற்பவரும் உண்டு. தொழிலை விடுபவரும் உண்டு. இடர்ப்பாட்டினால் விற்பவரும் உண்டு. இடர்ப்பாடு தெரிந்தால் அதைக் கொண்டு விலையை நசுக்காமல், விரைவாகப் பணம் செலுத்தி உதவலாம். விரைந்து தரும் பணத்திற்காக அவரே மனமுவந்து சிறிது குறைத்தால் ஏற்றுக்கொள்வதில் பிழையில்லை.

எழுத்தும் பணமும்

பேச்சு முடிந்ததும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இரு தரப்பார் பெயர், படகின் பதிவு எண், எந்திர எண், மொத்த விலை, முன்பணம், விற்பவர் செய்து தர ஒப்புக்கொண்ட வேலை, உடன் தரும் சாமான்கள், ஒப்படைக்கும் தேதி, படகின்மேல் கடன் இல்லை என்ற உறுதி ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். சோதனை ஓட்டம் சரியாக இல்லாவிடில் முன்பணம் திரும்பும் என்றும், காரணமின்றி வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணத்தில் எவ்வளவு விற்பவருக்குரியது என்றும் எழுதுவது இரு தரப்புக்கும் நியாயம். பணத்தை வங்கி வழியாகச் செலுத்தினால் பின்னாளில் வழக்கிற்கு இடமிராது.

ஊராட்சி உறுப்பினர் கவனத்திற்கு

மேலே கூறியவை விவசாயிகள் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கியதைப் பற்றியவை. உள்ளாட்சி நிதியைக் கொண்டு வாங்க எண்ணினால் இவ்வாறு கடற்கரையில் நின்று பேரம் பேச இயலாது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், நிதிச் செலவுக்குரிய விதிகளும் பொருந்தும். மன்றத் தீர்மானமும் மேலதிகாரிகளின் அனுமதியும் இன்றிப் பழைய பொருளைத் தனியாரிடம் வாங்கினால், நல்ல எண்ணத்துடன் செய்த செயலும் தணிக்கைத் தடைக்கு உள்ளாகும். ஆகவே, முதலில் அலுவலகத்தில் கலந்தாலோசிக்க வேண்டுகிறேன்.

படகை வாங்குவதோடு பொறுப்பு முடிவதில்லை. ஓட்டத் தெரிந்த, நீந்தத் தெரிந்த நான்கு பேரையாவது தயார் செய்ய வேண்டும். ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் உயிர்காப்பு உடைகள் வேண்டும். எந்திரத்தை மாதம் ஒருமுறை நல்ல நீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். படகை வெயில் படாமல், மழைநீர் தேங்காதவாறு கவிழ்த்து வைக்க வேண்டும். ஆண்டுச் செலவுக்கு யார் பணம் தருவது என்பதையும் வாங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்க. இவற்றுக்கு வழியில்லாத ஊர் படகு வாங்காமல், கடலோர ஊர் ஒன்றுடன் முன்கூட்டியே பேசி, அவசர காலத்தில் படகும் ஆளும் வர ஏற்பாடு செய்துகொள்வதே மேல்.

முடிவுரை

இரண்டாவது ஊரார் வாங்கிய படகு இன்று அவ்வூர்ச் சமுதாயக் கூடத்தின் அருகே கொட்டகையில் இருக்கிறது. அதை விற்றவர் தாமாகவே வந்து, இரண்டு நாட்கள் தங்கி, நம் இளைஞர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வெள்ளக் காலத்தில் அழைத்தால் தம் பிள்ளைகளுடன் வருவதாகவும் சொல்லிச் சென்றார். நியாய விலை கொடுத்ததனால் ஊருக்குக் கிடைத்த இந்த உறவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் ஊரின் பெரியவரும் இப்போது அப்படகைப் பார்க்க வந்திருந்தார். நெடுநேரம் அதைச் சுற்றி நடந்தவர், மடியிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பின்பலகையைத் தட்டினார். ஓசை கணீரென்று கேட்டது. “நாங்களும் இதை முன்னாடியே தட்டியிருக்கணும்” என்று மட்டும் சொன்னார். படகாயினும், பம்புசெட்டாயினும், டிராக்டராயினும், பழைய பொருள் வாங்கச் செல்லும் அன்பர்கள் அந்த நாணயத்தை மறவாமல் எடுத்துச் செல்வார்களாக.